நாற்பத்தோராம் இலக்கக் குரல்

4 மார்ச் 2025, செவ்வாய்

அம்மா முல்லைத்தீவு பஸ்ஸில் கருவாட்டுப் பொதி ஏற்றி விட்டிருந்தா. கிளிநொச்சியில் கண்டக்டர் அதை என் கையில் தரும்போது முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. ஒபிசுக்குக் கொண்டுபோனால் முதலாளி சுதாகரன் சேர் மூக்கைச் சுளிப்பார். கொண்டுபோனேன். சுளித்தார்.

எங்கள் கொம்பனி செய்த ‘செவி’ மென்பொருளில் இதுவரை நாற்பத்துமூன்று குரல்கள். ஐந்து மாதத்தில் நாற்பத்துமூன்று பெண்கள், வீட்டிலும் பொலிசிலும் சொல்லாததை, பத்மாசனி அக்காவின் மகளிர் நிலையத்து மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யார் என்பது அக்கா கையால் எழுதி வைக்கும் கொப்பியில்தான் இருக்கிறது. மென்பொருளைச் செய்த நாங்கள்கூட அந்தக் குரல்களைக் கேட்க முடியாது. அதற்குத்தான் நான் எழுதிய பகுதி.

போன கிழமை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன்.

“எங்களுக்கெண்டு சொந்தச் சேர்வர் இல்லையம்மா. ஆரோ ஒருத்தற்ற பெரிய கொம்பியூட்டருக்குள்ள, மென்பொருளாலயே கட்டின இன்னொரு கொம்பியூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறம். மெய்நிகர் இயந்திரம் எண்டு சொல்லுறது. வீட்டுக்காரன் சுவரில ஓட்டை போட்டு வைச்சிருக்கிறானோ எண்டு என்ர புரோகிராம் குடிபோன உடன பாக்கும். பாத்திட்டுத் தானா முடிவெடுக்காது. அளந்ததை நிலையத்து அறைக்குள்ள பூட்டி வைச்ச சின்னப் பெட்டிக்கு அனுப்பும். அந்தப் பெட்டி சரியெண்டாத்தான் குரலைத் திறக்கிற சாவி வரும்.”

“தானா முடிவெடுத்தா என்ன?”

“பொய்யான மெஷின் பொய்யான அளவைத்தானே காட்டும்.”

“அப்ப நீ செய்யிறது ஒருத்தரையும் நம்பாத வேலை.”

ஓம் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

5 மார்ச், புதன்

விபூதிப் புதன். சாம்பலோடு ஒபிசுக்குப் போனேன். ஒரு பிழை திருத்தினேன். வேறொன்றுமில்லை.

8 மார்ச், சனி

நிலையத்தில் பெண்கள் தினம். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை பத்மாசனி அக்காவுக்குப் பக்கத்தில் நின்று வடையும் தேத்தண்ணியும் பரிமாறினேன். கால் உளைகிறது. அக்கா எல்லாருக்கும் முன்னால் “இந்தப் பிள்ளைதான் எங்கட பூட்டுச் செய்தவா” என்று சொன்னா. வெட்கமாய்ப் போயிற்று.

11 மார்ச், செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நாற்பத்தோராம் இலக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். தன் மேற்பார்வையாளனைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசியிருக்கிறாள். நேற்றுக் காலை வேலைக்குப் போனபோது வாசலில் அவன் நின்றிருக்கிறான். சிரித்துக்கொண்டு, அவளுடைய பேச்சையே நெளித்துச் சொன்னானாம்: “எனக்கு வேலை வேணும். ஆனா அவர் நிக்கிற பக்கமா நடக்க மாட்டேங்க.” பிறகு, “இண்டைக்கு எந்தப் பக்கத்தால நடக்கப் போறீங்க?”

அது அவள் மைக்கில் சொன்ன வசனம். எழுத்துக்கு எழுத்து. வேறு யாரிடமும் சொல்லாத வசனம்.

மத்தியானம் அவளை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள்.

பத்மாசனி அக்கா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உம்மட பூட்டு, கலிஸ்ரா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா.

எப்படி? எப்படி வெளியே போனது?

12 மார்ச், புதன்

காலை ஏழரைக்கே ஒபிசுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்தொன்று ஒரு முறை திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தவர் பெயர்: கலிஸ்ரா.

நான் திறக்கவில்லை. நேரத்தைப் பார்ப்பதற்குள் சுதாகரன் சேர் பின்னால் வந்து நின்றார். என்னை வேலையால் நிற்பாட்டும் கடிதத்தை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்.

“உம்மட பேர்தானே கிடக்கு. நான் என்ன செய்யிறது? பொலிசுக்குப் போகேல்லை எண்டு சந்தோசப்படும்.”

“சேர், நான் ஏன் அதைத் திறக்கப் போறன்?”

“அதை நீர்தான் சொல்லோணும்.”

யதுர்ஷிகா எதிர் மேசையில் தலை நிமிரவே இல்லை. என் தண்ணீர்ப் போத்தலையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏழு வருடம்.

13 மார்ச், வியாழன்

என்னைக் கேட்கமுதலே கடிதம் அடித்து வைத்திருந்தவன் சுதாகரன். அவனை விடமாட்டேன்.

19 மார்ச், புதன் — முல்லைத்தீவு

அம்மாவின் வீடு. எல்லாருக்கும் கதை வந்துவிட்டது. கோயிலில் ஒரு மாமி என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினா. நான் ஒரு பெண்ணின் குரலை விற்றவளாம்.

“தவக்காலம், பிள்ளை. ஒருத்தரோடயும் கோவத்தை வைச்சிருக்காதை” என்றா அம்மா. மீனை வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வாங்கி நான் வெட்டினேன். எவ்வளவு கோபம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒன்றை இதுவரை எழுதாமல் இருந்திருக்கிறேன். எனக்கு நானே எழுதும் கொப்பியிலும்.

எனக்குத் தெரியும் எப்படித் திறந்தது என்று. அன்று காலையே தெரியும்.

புரோகிராமில் ‘பரீட்சை’ என்று ஒரு ஆளி, ஒரு சுவிட்ச், இருக்கிறது. அதைப் போட்டால் வெளியே உள்ள பெட்டியைக் கேட்காது. தான் நிற்கும் இயந்திரத்தையே கேட்கும்: நீ நல்லவனோ? இயந்திரம் ஓம் என்றால், புரோகிராமுக்குள்ளேயே நான் வைத்திருந்த மாற்றுச் சாவி குரலைத் திறந்துவிடும். என் பெயரில் பதிவாகும். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் நிலையத்துக்கு ஓட முடியாமல், என் வேலை கெதியாக முடிய, நான் எழுதியது. பிறகு எடுத்துவிடலாம் என்று விட்டேன். ஒன்றரை வருடம்.

ஆளியைப் போட்டவன் அவன். வைத்தவள் நான்.

அதனால்தான் இன்னும் கூடக் கோபம்.

27 மார்ச், வியாழன்

யதுர்ஷிகா வரச் சொன்னாள். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தேத்தண்ணிக் கடை. அழுதுகொண்டே வந்தாள்.

“அக்கா, அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. எனக்கு என்ர வேலை.”

“அதை விடும். என்ன கண்டனீர்?”

கண்டதைச் சொன்னாள். சுதாகரனின் அறையில் உள்ள கொம்பியூட்டரில் ஒரு மெய்நிகர் இயந்திரம். உள்ளே ஓடுவதையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கக்கூடியதாகச் செய்து வைத்தது. அதற்குள் ‘செவி’யின் முழுப் பிரதி. ஆளி போட்டபடி. நீ நல்லவனோ என்று என் புரோகிராம் கேட்க, அந்த இயந்திரம் ஓம் என்று சொல்லியிருக்கிறது. அது நம்பிவிட்டது. நான்தானே அப்படி நம்பச் சொல்லி எழுதினேன்.

திறந்த நேரத்தையும் படம் எடுத்து வந்தாள். 8ஆம் திகதி, காலை 11.20.

“ஏன் செய்தவர்?” என்று கேட்டேன்.

“அந்தத் தொழிற்சாலைக்கு வரவுப் பதிவு மென்பொருள் செய்து குடுக்கிற ஒப்பந்தம் அதுக்கு அடுத்த கிழமை கிடைச்சது, அக்கா.”

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பதினொரு நிமிடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அந்தக் குரல் யாருடையது என்று பெயரையும் அங்கேதான் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ஏப்ரல் 29 வவுனியாவில் பெரிய கூட்டம். வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் வருகின்றன. ‘செவி’யை எல்லா மாவட்டத்துக்கும் கொடுக்கப் போகிறானாம். வருகிறவர்கள் தங்கள் லப்ரொப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாமாம். நல்ல இயந்திரம் என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு.

“ஆளியை எடுத்திட்டாரோ?”

“இல்லை. மண்டபத்தில இணைப்பு இழுபடும், பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தா நேரம் போகும் எண்டு அப்பிடியே விட்டிருக்கிறார். கெட்ட மெஷின் ஒண்டு செய்து வைச்சிருக்கிறார். அது சிவப்புத்தான் காட்டுது.”

சிரித்துவிட்டேன். அவனுடைய கெட்ட இயந்திரம் நேர்மையானது. நான் கெட்டது என்று தானே ஒப்புக்கொள்கிறது! தன் அறையில் இருப்பதைப்போல் பொய் சொல்லும் ஒன்றை வேறு யாரும் கொண்டுவருவார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. தன்னைப்போல ஒன்றை.

பதினாறு நாளுக்குப் பிறகு இன்றுதான் பசித்தது. இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

2 ஏப்ரல், புதன்

பத்மாசனி அக்காவிடம் பெயர் கேட்கவில்லை, தரமாட்டா. நாற்பத்தொன்று தானாகவே என்னைத் தேடி நம்பர் எடுத்துப் பேசினாள். “நீங்கதானா அக்கா வித்தது? மொகத்த பார்த்துக் கேக்கணும். வாங்க.”

ஜெயபுரத்துக்குப் போனேன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகள். பெயர் சுகந்தினி. இருபத்தாறு வயது. நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்காலை அடைத்துவிட்டு வந்து கை கழுவினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆளியையும் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கதவ தொறந்து வச்சது நீங்க” என்றாள்.

“ஓம்.”

“உள்ள போனது அவரு.”

“ஓம்.”

அவளும் அழவில்லை, நானும் அழவில்லை. என் திட்டத்தைச் சொன்னேன். பொய் சொல்லும் இயந்திரம் ஒன்றை நான் செய்வேன். அதை என் லப்ரொப்பில் வைத்து மண்டபத்தில் பச்சை காட்ட வைப்பேன். பிறகு அந்தப் பதினொரு நிமிடத்தில் கொஞ்சம், அவன் களவெடுத்த பிரதியிலிருந்து, எல்லாருக்கும் கேட்கப் போடுவேன்.

சுகந்தினி எழும்பிவிட்டாள்.

“அத போடாதீங்க. நீங்க போட்டாலும் அவரு போட்டாலும் எனக்கு ஒண்ணுதான்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பழசு வேணாங்க. நானே வர்றேன். மைக்கில நானே பேசுறேன். அவரு என் மொகத்த பார்த்ததில்ல. கொரல மட்டுந்தான் கேட்டிருக்காரு. என்ன செய்றாருனு பாப்போம்.” பிறகு மண்வெட்டியை எடுத்தாள். “ஒண்ணு. நீங்க கதவ தொறந்து வச்சதையும் அங்க சொல்லணும். எல்லாருக்கும் முன்னுக்கு.”

அதைச் சொன்னால் எனக்கு இந்த மாகாணத்தில் வேறு வேலை கிடைக்காது.

சரி என்றேன். என்னையும் சேர்த்து எரித்தால்தான் அவன் எரிவான் என்றால், சரி.

8 ஏப்ரல், செவ்வாய்

பத்மாசனி அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினா. யதுர்ஷிகா எடுத்த படத்தை ஜன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

“நேரத்தைப் பாருங்கோ அக்கா. எட்டாம் திகதி பதினொண்டு இருவது.”

பார்த்தா.

“அந்த நேரம் நான் எங்க நிண்டனான்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தா. “என்ர பக்கத்தில. வடைத் தட்டோட.” பிறகு தாழ்ப்பாள் சத்தம்.

வவுனியாக் கூட்டத்துக்கு அழைப்பு அக்காவுக்கு வந்திருக்கிறது. தன்னோடு இரண்டு பேரைக் கூட்டிவரலாமாம்.

12 ஏப்ரல், சனி

முடிந்தது. என்னுடைய பொய்யன் வேலை செய்கிறான். என் புரோகிராம் எழும்பி, நீ நல்லவனோ என்று கேட்கிறது. ஓம், இதோ என் அளவுகள் என்று, நல்ல இயந்திரம் ஒன்றிலிருந்து பிரதி எடுத்த அளவுகளை நீட்டுகிறான். பச்சை. அதே நேரம் உள்ளே பேசுவதையெல்லாம் எனக்கு எடுத்துத் தருகிறான்.

பெட்டியோடு சேர்த்தும் ஓட்டிப் பார்த்தேன், ஆளி இல்லாமல். உடனே சிவப்பு. பெட்டி அவனை ஒரு வினாடியும் நம்பவில்லை; அடியிலுள்ள உண்மையான சிப் போடும் கையொப்பத்தை அவனால் போலியாகப் போட முடியாது. நான் செய்தது நல்ல பூட்டுத்தான். அதுதான் வயிறு எரிகிறது.

நாள் முழுவதும் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் காது சிவக்கும். அவனுக்கு எப்போதும் காதுதான்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டா. போகவில்லை. பாவத்துக்கு மனம் வருந்தாமல் போய் என்ன சொல்ல?

29 ஏப்ரல், செவ்வாய்

காலைக் கூட்டம். குளிரூட்டிய மண்டபம், நூறு பேர் இருக்கும். முன் வரிசையில் வெளிநாட்டவர்கள், காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு. நாங்கள் மூன்றாம் வரிசை: பத்மாசனி அக்கா, நான், நடுவில் சுகந்தினி. சுதாகரன் என்னைக் கண்டான். கடைவாயால் சிரித்தான். முன் வரிசைக்காரர் பார்க்கிறார்கள் என்று வெளியே போகச் சொல்லவில்லை.

அழகாகப் பேசினான். அதை எழுதத்தான் வேண்டும். “எங்கட மண்ணில சனம் சுவருக்குக்கூடக் காது இருக்கெண்டு பயந்து கதைச்ச காலம் இருக்கு. அந்தப் பயத்துக்கு எங்கட பதில்தான் இந்த மென்பொருள்.” கைதட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்த வசனம் அது, போன வருடம்.

நல்ல இயந்திரத்தில் பச்சை காட்டினான். கெட்டதில் சிவப்பு காட்டினான். பிறகு, “ஆராவது உங்கட லப்ரொப்பில செய்து பாக்க விரும்புறீங்களோ?”

பத்மாசனி அக்கா கை உயர்த்தினா. அவனுக்கு மறுக்க வழியில்லை. நாற்பத்துமூன்று பேரைக் கொண்டுவந்தவ அவதான். யதுர்ஷிகா வந்து என் லப்ரொப்பைத் திரையோடு இணைத்தாள்.

பச்சை. முழுத் திரையிலும்.

“பாத்தீங்களோ” என்றான்.

“கதைச்சும் பாப்பம்” என்றா அக்கா. “இந்தப் பிள்ளை கதைப்பா.”

சுகந்தினி எழும்பி மைக்கை வாங்கினாள். மஞ்சள் சட்டை, தலை நன்றாக வாரியிருந்தது. அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான், யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல.

“எனக்கு வேலை வேணும்” என்றாள். “ஆனா அவர் நிக்கிற பக்கமா நடக்க மாட்டேங்க.”

காது சிவக்கவில்லை. வெளுத்தது.

‘உங்கள் குரல் பாதுகாப்பாக உள்ளது’ என்று திரையில் வந்தது. நான் ஒரு விசையை அழுத்தினேன். அவள் இப்போது சொன்னது அப்படியே லப்ரொப்பிலிருந்து மண்டபத்துக்குக் கேட்டது. முன் வரிசையில் ஒருவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவன் இயந்திரத்தைப் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் தப்பியிருப்பான். பிழை என்று சொல்லியிருக்கலாம், என்னைக் கள்ளி என்று சொல்லியிருக்கலாம். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டான்.

“சுகந்தினி, இது இங்க கதைக்கிற விசயமில்லை” என்றான்.

மண்டபம் முழுவதும் கேட்டது.

பத்மாசனி அக்கா இருந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், கேட்டா: “இந்தப் பிள்ளையின்ர பேர் என்ர கொப்பியில மட்டும்தானே இருக்கு, சுதாகரன். அவவின்ர குரல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் கதிரையைப் பிடித்தான், உட்காரவில்லை.

பிறகு நான் எழும்பி என் பங்கைச் சொன்னேன். ஆளி என்ன, யார் எழுதியது, ஏன் எடுக்காமல் விட்டேன். சொல்லும்போது சுகந்தினியைத்தான் பார்த்தேன். அவள் ஒருதரம் தலையசைத்தாள். மன்னிப்பு இல்லை. ஒப்புக்கொண்டதைக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

சந்தோசம். பொய் எழுத மாட்டேன். அவன் பக்கக் கதவால் போனபோது, கைப்பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

30 ஏப்ரல், புதன்

சுதாகரன் எனக்குப் போன் எடுத்தான். “கலிஸ்ரா, எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

“அவையளுக்கு விளங்கப்படுத்துங்கோ” என்று வைத்துவிட்டேன்.

16 மே, வெள்ளி

மேற்பார்வையாளனை நிற்பாட்டி விசாரணை வைத்திருக்கிறார்கள். சுகந்தினியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சுதாகரனின் கொம்பனி பூட்டிக் கிடக்கிறது. கதவில் அறிவித்தல்கூட இல்லை. இரண்டு தடவை அந்தத் தெருவால் வேண்டுமென்றே போனேன்.

ஆனால் உதவி நிறுவனங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டன. மற்ற மாவட்டமும் இல்லை, இங்கேயும் இல்லை. யதுர்ஷிகாவுக்கு வேலை போய்விட்டது. பதினேழு பெண்கள் நிலையத்துக்கு வந்து தங்கள் குரலை அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக நான்தான் அழித்தேன். ஒருத்தி, “அழிஞ்சது எண்டு எப்பிடி நம்புறது?” என்று கேட்டாள்.

பத்மாசனி அக்கா பின்னேரம் சொன்னா: “நீ வெண்டிட்டாய், பிள்ளை. இனி இந்தப் பொம்பிளையளை நான் எங்க அனுப்புறது?”

அவ கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டா.

24 ஜூன், செவ்வாய்

வாடகை இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் வேண்டிவரும். இப்போதைக்கு, மறுபடி தொடக்கிய ‘செவி’ நிலையத்து அறைக்குள்ளேயே ஒரு பழைய கொம்பியூட்டரில். பெட்டி தனியாக, பூட்டி, இரண்டு சாவி: ஒன்று அக்காவிடம், மற்றது சுகந்தினியிடம். அவள் மே கடைசியிலிருந்து நிலையத்தில் வேலை. என்னிடம் சாவி இல்லை. அது அவள் போட்ட நிபந்தனை. ஆளியை எடுத்தாயிற்று. எடுத்ததை யதுர்ஷிகா வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தாள்.

இன்று காலை கொம்பியூட்டரின் ஒரு சின்னத் துண்டை மாற்றிவிட்டு, சொல்ல மறந்து தொடக்கினேன். சிவப்பு. என்ன தட்டினாலும் சிவப்பு. அக்கா சந்தைக்குப் போயிருந்தா. சாவிக்காரி இரண்டு பேரும் வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை, இரண்டு மணி நேரம் வாசல்படியில் காத்திருந்தேன்.

பத்தரைக்குக் கண்டாவளையிலிருந்து ஒரு அம்மா வந்தா. ஐம்பது வயது இருக்கும். மைக்கைப் பார்த்துவிட்டு, “இதை ஆர் கேப்பினம்?” என்று கேட்டா. நான் சிப், அளவு, ஒப்பம் என்று தொடங்கினேன். அவ என்னைக் கேட்கவில்லை, சுகந்தினியைப் பார்த்துக் கேட்டா.

“என்னோடத ஒருத்தன் கேட்டான்மா” என்றாள் சுகந்தினி. “இப்ப அவன் இல்ல. இந்தா, சாவி எங்கிட்ட. பேசணும்னா பேசுங்க. இல்லாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டு போங்க, ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மா தேத்தண்ணி குடித்தா. பிறகு கதவைச் சாத்தச் சொன்னா. நானும் சுகந்தினியும் வெளியே வந்து நின்றோம். உள்ளே நாற்பது நிமிடம்.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது சுதாகரனின் ஒபிசைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். பார்த்ததாக நினைவில்லை. இதை எழுதும்போதுதான் அவன் ஞாபகம் வருகிறது.